பியூக் லெசேபர்: வாங்குமுன் அடியில் பாருங்கள், வாங்கியபின் அந்த இரண்டு எல்போவை மாற்றுங்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் பண்ணினான். அமெரிக்காவில், மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸில் வேலை கிடைத்து வந்து மூன்றே வாரம். "அக்கா, மூவாயிரம் டாலருக்குள்ள ஒரு கார் வேணும். வழியில நின்னு மானத்தை வாங்கக் கூடாது. என்ன வாங்கலாம்?" என்றான். "பியூக் லெசேபர்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "அது தாத்தாக்கள் ஓட்டுற காராச்சே அக்கா?" என்றான்.

அதற்காகத்தானே சொல்கிறேன்! தாத்தா ஓட்டிய கார் என்றால் சர்ச்சுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வந்து, கராஜுக்குள் தூங்கிய கார். ஆயில் மாற்றிய ரசீதெல்லாம் தேதிவாரியாக ஒரு உறையில் இருக்கும். இருபது வயதுப் பையன் ஓட்டி விற்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி ஒரு உறை இருக்குமா?

நான் இருப்பது மிச்சிகனில், ஸ்டெர்லிங் ஹைட்ஸில். மருந்தகத்தில் வேலை. 2016-ல் 2004 மாடல் லெசேபர் கஸ்டம் ஒன்றை 2,800 டாலருக்கு வாங்கினேன். அப்போது 81 ஆயிரம் மைல் ஓடியிருந்தது. இப்போது ஒரு லட்சத்து 93 ஆயிரம். என் மகள் ஓட்டப் பழகியது இதில்தான். பழகி முடித்ததும் "இது படகு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சின்னக் கார் ஒன்று வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை, எனக்குப் படகுதான் பிடித்திருக்கிறது. நான் மெக்கானிக் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வருடத்துக் கார் என்று தெளிவாக இருங்கள். லெசேபர் என்ற பெயரை, பியூக்கைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் 1951-ல் ஒரு கண்காட்சிக் காருக்கு வைத்தார். 1959-ல் அது விற்பனைக்கு வந்த மாடலின் பெயரானது, 2005 வரை நீடித்தது. நான் பேசுவது கடைசித் தலைமுறை பற்றி, அதாவது 2000 முதல் 2005 வரையான மாடல்கள். அதன் பிறகு லூசர்ன் என்று வேறு கார் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. கஸ்டம், லிமிடெட் என்று இரண்டு வகை. லிமிடெட்டில் வசதிகள் அதிகம், பழுதாவதற்கான சாமான்களும் அதிகம். எனக்குக் கஸ்டமே போதும்.

இரண்டிலும் எஞ்சின் ஒன்றுதான்: 3.8 லிட்டர் வி6, 3800 சீரீஸ் டூ, 205 குதிரைத்திறன். காரின் அடையாள எண்ணான வின் எண்ணில் எட்டாவது எழுத்து கே என்றிருந்தால் அந்த எஞ்சின். பதினோராவது இடத்தில் யு இருந்தால் டெட்ராய்ட்-ஹாம்ட்ராம்க் ஆலையில் செய்தது, 4 இருந்தால் ஓரியன் ஆலை. என்னுடையது யு. இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆலையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் கட்டுரையில் உருப்படியாக ஏதாவது இருந்தால் பாதி அவருடையது.

எஞ்சினைப் பற்றி ஒரு கிளைக்கதை உண்டு. பியூக்கின் இந்த வி6 பரம்பரை 1962-ல் தொடங்குகிறது. 1967-ல் இனி இது எதற்கு என்று அதைச் செய்யும் இயந்திரங்களோடு கைசர் ஜீப்புக்கு விற்றுவிட்டார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் சிக்கன எஞ்சினுக்கு எங்கே போவது? 1974-ல், அப்போது ஜீப்பை வைத்திருந்த ஏ.எம்.சி. (அமெரிக்கன் மோட்டார்ஸ்) நிறுவனத்திடமிருந்து அதே இயந்திரங்களைத் திரும்ப வாங்கினார்கள். விற்ற மாட்டையே மறுபடி விலை கொடுத்து ஓட்டிவந்த கதைதான். அந்த மாடு 2008 வரை ஃபிளின்ட்டில் கறந்தது. அத்தனை வருடம் திருத்தித் திருத்திச் செய்ததால், ஆயிலும் கூலன்ட்டும் ஒழுங்காக இருந்தால் இரண்டு லட்சம் மைல் இதற்குப் பெரிய விஷயமில்லை. இந்தக் காரைக் கொல்வது துரு. அதற்கு அடுத்தபடி, எஞ்சினைச் சுற்றியிருக்கும் நாலைந்து பிளாஸ்டிக் துண்டுகள்.

துருவிலிருந்து ஆரம்பிப்போம். மிச்சிகனில் ஆண்டுதோறும் கார் சோதனை என்று ஒன்று கிடையாது. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அடிப்பாகம் கரைந்த கார்கூட நம்பர் பிளேட்டோடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், படுப்பதற்கு ஒரு பழைய அட்டைப்பெட்டி எடுத்துப் போங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் ராக்கர் பேனல். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். இரும்பின் சத்தம் 'டங்' என்று கேட்டால் சரி. சத்தம் மங்கி 'பொத்' என்று கேட்கும் இடத்தில் உள்ளே ஒன்றுமில்லை, மேலே பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது. அடுத்து அட்டையைப் போட்டுப் படுங்கள். ஜாக்கில் மட்டும் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் தலையைக் கொண்டுபோகாதீர்கள், அது யார் கார் என்றாலும். ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னுக்குப் போகும் பிரேக் லைன், பெட்ரோல் லைன் குழாய்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே லேசாகச் செம்பழுப்பு படிந்திருந்தால் பேரம் பேசலாம். குழாய் உப்பிச் செதில் செதிலாக உரிந்தால் திரும்பி நடங்கள். ராக்கரில் ஓட்டை இருந்தால் கார் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். பிரேக் லைனில் ஓட்டை விழுந்தால் ஐ-75 நெடுஞ்சாலையில் கால் மிதியில் இருக்கும், கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

நான் முதலில் பார்த்த லெசேபர் தங்க நிறம், உள்ளே புதுத்துணி போல இருந்தது, 1,900 டாலர். கிட்டத்தட்ட அடிமாட்டு விலை. பெரியவர்தான் கூட வந்தார். குனியக்கூட இல்லை, பின்சக்கரத்துக்கு முன்னால் ஷூ முனையால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். கையளவு துரு உதிர்ந்து தரையில் விழுந்தது. விற்பவரும் அதைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

அடிப்பாகம் தேறினால் மற்றதெல்லாம் அரைமணி நேர வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்றே நினைப்பேன். கூலன்ட் ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இந்தக் காருக்குப் போடுவது டெக்ஸ்கூல்; அது சேற்றுப் பழுப்பாக மாறியிருந்தால் வருடக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால்காபி நிறத்தில் கொழகொழப்பு இருக்கக் கூடாது. நாலு ஜன்னல்களையும் ஏற்றி இறக்குங்கள். இந்தத் தலைமுறையில் ஜன்னல் ரெகுலேட்டர் உடைந்து கண்ணாடி கதவுக்குள் விழுவது சகஜம். எனக்கு இதுவரை மூன்று விழுந்துவிட்டன, நாலாவதை நான் தொடுவதே இல்லை. நிறுத்திய இடத்திலேயே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பும்போது 'டொக்' என்று கேட்டால் அது ஸ்டீயரிங்கைச் சக்கரங்களின் பக்கம் இணைக்கும் தண்டு, இன்டர்மீடியட் ஷாஃப்ட். எரிச்சல்தான், ஆனால் அதற்காக நல்ல காரை விடத் தேவையில்லை.

பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். எஞ்சின் மேலே பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரில் ஒரு மெல்லிய வேக்கம் குழாய் சொருகியிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ரெகுலேட்டர் கிழிந்திருக்கிறது, மாற்றும்வரை ஓட்டக் கூடாது. சாமான் மலிவு, தீப்பிடித்தால் கார் போய்விடும்.

ஓட்டிப் பார்ப்பதை இருபது நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். கியர்பாக்ஸ் நாலு வேக ஆட்டோமேட்டிக். குளிரில் நன்றாக மாறிவிட்டு, சூடேறியபின் முதுகில் உதைத்தாற்போல மாறினால் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் கன்ட்ரோல் சோலினாய்டு போய்க்கொண்டிருக்கிறது. அது சின்னச் செலவில்லை; விலையைக் குறையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், மாற்றுவது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில். 6 சதவீத வரி உண்டு. நம்பர் பிளேட் விற்றவரிடமே போய்விடும், அதனால் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று முன்பே யோசித்து வையுங்கள். இவ்வளவு விலைக் காருக்கு முழு இன்சூரன்ஸ் எதற்கு? நான் பி.எல்.பி.டி.தான் வைத்திருக்கிறேன், என் காரின் சேதத்துக்குப் பணம் தராத அடிப்படை இன்சூரன்ஸ்.

வாங்கியாயிற்று. இப்போது எல்போ.

வாங்கி எட்டு மாதம் இருக்கும். வேலை முடிந்து வண்டியை நிறுத்தி இறங்கினால் தித்திப்பாக ஒரு வாடை. மறுநாள் காலை பயணி பக்கத்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுக் குட்டை. ஒரு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்து பார்த்த இரண்டாவது நிமிடம், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, 1,900 டாலர் ஆகும்" என்றார்கள். எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் தலைப்பாகத்துக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு அது. காரின் விலை 2,800. அன்றைக்கே விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பெரியவர் வந்து பெல்ட் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார். "எல்போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விஷயம் இதுதான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒரு அலுமினியப் பிராக்கெட்டில் இருக்கிறது. ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் அந்தப் பிராக்கெட்டுக்குள்ளேயே ஓடும். பிராக்கெட்டை எஞ்சினோடு இணைப்பவை எல் வடிவத்தில் இரண்டு சிறு பிளாஸ்டிக் குழாய்கள்: ஒன்று இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போகும், இன்னொன்று எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவருக்குள். சூட்டிலேயே வெந்து வெந்து வருடங்கள் கழித்து அவை கருகிய அப்பளம் போல ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து இருபது டாலருக்குள்தான். ஆனால் நெடுஞ்சாலையில் ஒன்று முழுதாக உடைந்தால் கூலன்ட் மொத்தமும் நிமிடங்களில் கொட்டிவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் அப்போது நிஜமாகவே ஹெட் கேஸ்கெட் போகும். அதனால் ரசீது இல்லாத லெசேபர் எதை வாங்கினாலும், ஒழுகுகிறதோ இல்லையோ, முதல் மாதத்திலேயே இரண்டையும் மாற்றுங்கள்.

இரவு முழுக்க எஞ்சின் ஆறட்டும். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. பானட்டைத் திறந்து தேடாதீர்கள். அங்கே இருப்பது ஜம்ப் ஸ்டார்ட்டுக்கான முனை மட்டும். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டின் முன்விளிம்பை இரண்டு ஓரத்திலும் மேலே இழுத்தால் கழன்று வரும். நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரில் கை வைக்கப் போகிறோம், இதைத் தாண்டிக் குதித்தால் தீப்பொறிதான். அங்கேயே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் காருக்கு வெளியே போகிறதா? பேட்டரி மாற்றும் பலர் அதைச் சொருகாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அல்லவா அந்த வாயு வரும்?

ரேடியேட்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கூலன்ட்டை ஒரு தட்டில் பிடியுங்கள். நாய் பூனை பக்கத்தில் வர விடாதீர்கள். தித்திக்கும், நக்கும், செத்துப்போகும்.

பெல்ட் எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றிப் போகிறது என்று போனில் படம் எடுத்துவிட்டு, நீளமான பிடியால் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் வயர்கள், போல்ட்டுகள், ஆல்டர்னேட்டர். பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் போல்ட்டுகள் அதன் சக்கரத்திலுள்ள துளைகள் வழியாகத்தான் தெரியும். சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பம்ப்பின் குழாய்களைக் கழற்ற வேண்டாம், பம்ப்பைப் பின்னுக்குத் தள்ளிவைத்தால் போதும். ஹீட்டர் குழாய்களை உருவிவிட்டுப் பிராக்கெட்டின் போல்ட்டுகளுக்கு வாருங்கள். அவை எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் பிராக்கெட்டின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையில் எந்தப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். துரு பார்க்கப் போனபோது படுத்த அதே அட்டையைத்தான் நான் பயன்படுத்தினேன்.

இப்போது பிராக்கெட்டைப் பிடித்து மெதுவாக ஆட்டி எடுங்கள். எல்போ முழுதாக வெளியே வரும் என்று நம்பாதீர்கள். என்னுடையது தொட்டதும் நொறுங்கியது. பாதி பிராக்கெட்டில், பாதி எஞ்சின் துளைக்குள். இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். துண்டுகள் உள்ளே விழாமலிருக்கத் துளைக்குள் துணியைத் திணித்துவிட்டு, மெல்லிய ஸ்க்ரூ டிரைவராலும் குறடாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுங்கள். துகள்களை வேக்கம் கிளீனரால் உறிஞ்சுங்கள். நான் இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்தேன். பெரியவர் டிரைவ்வேயில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டரை மணி நேர வேலை" என்று காலையிலேயே சொன்னார். சாயங்காலம் வரை அதைத் திருத்திச் சொல்லவும் இல்லை.

துளைகளின் உள்சுவரைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பளிச்சென்று தேய்த்துத் துடைத்துவிடுங்கள். புது எல்போவின் ஓ-ரிங்குகளில் கொஞ்சம் கூலன்ட்டைத் தடவி, கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். சுத்தியல் வேண்டாம். பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று இதில் இரண்டு கட்சி உண்டு. அலுமினியம் காலப்போக்கில் துளையோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஒட்டட்டுமே, உடையாமல் இருந்தால் சரி. நான் அலுமினியக் கட்சி.

திரும்பப் பூட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் திருகி ஏற்றுங்கள். அலுமினியத்தில் மரை கெட்டால் எல்போவைவிடப் பெரிய தலைவலி. பிறகு கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்து, டெக்ஸ்கூலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் மூடிமேல் பித்தளைத் திருகு ஒன்று இருக்கும், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற. இரண்டு சுற்றுத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை ஊற்றிவிட்டு மூடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். உள்ளே சூடான காற்று வந்தால் கூலன்ட் சுற்றுகிறது. மறுநாள் காலை, எஞ்சின் ஆறியபின் மட்டும், மூடியைத் திறந்து குறைந்ததை நிரப்புங்கள்.

கீழே குட்டையே இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் சந்தேகம் மேல் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் போகும். அதுவும் பிளாஸ்டிக். அதற்குள் ஈ.ஜி.ஆர். குழாய் (எஞ்சின் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுவது) வழியாகச் சூடான புகை வருகிறது, அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி அரித்து, பக்கத்தில் ஓடும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறி வெள்ளைப் புகை விட்டால் சாவியை மறுபடி மறுபடி திருப்பாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். மூன்று லட்சம் மைல் ஓட வேண்டிய எஞ்சின் அத்தோடு சரி. மாற்றும்போது ஈ.ஜி.ஆர். குழாய் ஒல்லியாகத் திருத்திய செட்டை வாங்குங்கள். போல்ட்டுகளை இறுக்கும் அளவு 89 இன்ச்-பவுண்டு. ஃபுட்-பவுண்டு இல்லை. அதைக் குழப்பிக்கொண்டு புது மேனிஃபோல்டை 'பட்' என்று உடைத்தவள் எழுதுகிறேன்.

அந்தத் தம்பி முதலில் ஒரு லிமிடெட்டின் படங்களை அனுப்பினான். எல்லாம் மேலிருந்து எடுத்த படங்கள். "அடியில படுத்து எடுத்து அனுப்புடா" என்றேன். அனுப்பினான், பிரேக் லைன் மரப்பட்டை போல இருந்தது. இரண்டாவது, 2003 கஸ்டம், ஒரு பாட்டியுடையது, 96 ஆயிரம் மைல். ரசீது உறையோடு வாங்கியிருக்கிறான். எல்போ மாற்றிய ரசீது அதில் இல்லையாம். இந்தச் சனிக்கிழமை காலை என் வீட்டு டிரைவ்வேக்கு வருகிறான். பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன், நாற்காலியை அவரே கொண்டுவருவார்.